அறுபத்தேழு கட்டத்து நெல்

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்குமாறு அரசனிடம் வேண்டியவன் கதையை நம் வீட்டுச் சிறுவர் அறிவர். மூன்று கட்டங்களின் மொத்தம் 7. ஐந்தின் மொத்தம் 31. ஏழின் மொத்தம் 127. இவை பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாதவை. கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாயின் மொத்தமும் அவ்வாறே அமையுமோ? அமையாது. பதினோரு கட்டங்களின் மொத்தமாகிய 2047, 23-ஐ 89-ஆல் பெருக்க வருவது.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல், 257 கட்டங்கள் வரை எவற்றின் மொத்தம் பகா எண் என ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் இடம் பெற்றது. அதன் மொத்தம் 147573952589676412927. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லே நின்றது. பெரியவர் எழுதியதை யார் வகுத்துப் பார்ப்பது?

1876-இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் எவ்விரு எண்களின் பெருக்கம் என்று சொல்லவில்லை. பேரேட்டோடு உழல்பவர்க்கு இது வியப்பன்று. கூட்டுத்தொகை ஒத்துவராதபோது பிழை உண்டென்பது உடனே தெரியும். எந்தப் பக்கத்தில் என்பதற்கு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்.

லூக்காவின் வழியைப் பின்னர் லேமர் எளிதாக்கினார். 31-ஐ அவ்வழியில் சோதிப்போம். 4-இல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டு குறைக்க 14. மீண்டும் அவ்வாறே செய்ய 194. 31-ஆல் வகுக்க மீதி 8. மீண்டும் செய்ய 62, மீதியில்லை. ஐந்து கட்டத்திற்கு இம்மூன்று முறையே கணக்கு. இறுதியில் மீதியின்மையால் 31 பகா எண். மீதி நின்றிருந்தால் பகு எண். காரணிகளைத் தேடவே வேண்டியதில்லை.

அதே 1876-இல் 127 கட்டத்து மொத்தம் பகா எண் என்றும் லூக்கா காட்டினார். 39 இலக்கங்கள் கொண்ட அது, எழுபத்தைந்து ஆண்டுகள் அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரிதாக விளங்கிற்று. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதோ 136279841 கட்டத்து மொத்தம். அதற்கு 41024320 இலக்கங்கள்!

67-இன் காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் வெளியிட்டார். வாய் திறவாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தாரென்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்றும் கூறுவர். கதையிற் சற்று மெருகு ஏறியிருக்கலாம், கணக்கில் ஏறவில்லை. அவ்வெண்கள் 193707721, 761838257287. ஒவ்வொன்றின் இலக்கங்களையும் ஓரிலக்கமாகும் வரை கூட்டினால் ஒன்று வரும். பெருக்கற்பலனிலும் ஒன்றே வரும். இது ஒத்துவருவதால் மட்டும் பெருக்கல் சரியென்று ஆகிவிடாது. ஐயமுடையோர் அகலமான தாளொன்றை எடுத்து முழுதும் பெருக்குக. பன்னிரண்டு இலக்க எண்ணை மேலே எழுதினால் ஒன்பது வரிகளில் முடியும். பூச்சியத்துக்குரிய வரியை விட்டால் எட்டே.