கரைசேர்ந்தவர்க்கு ஒரு பங்கு

புறநானூற்றுப் புலவர் ஒருவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. முதுமையில் ஊன்றிய தண்டினைப் பற்றி அவர் அமைத்த தொடரே அவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கலாயிற்று. இளமையில் ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய ஒருவர், இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவராகி, அந்த இளமையை நினைந்து இரங்குவதாக அமைந்தது அவர் பாட்டு. தமிழ் கற்போர் அதனைச் சுவைத்து அம்மட்டில் நின்றுவிடுவது வழக்கம். அம்முதியவர்க்கு உணவு எங்கிருந்து வந்தது, இருமலுக்கு மருந்து எவர் தந்தார் என்று நாம் கேட்பதில்லை. அவை இலக்கிய வினாக்கள் அல்ல, அரசியல் வினாக்கள். இலங்கையில் இன்று நிகழும் பொருளாதார விவாதங்கள் பலவற்றின் அடியிற் கிடப்பவை இவ்விரு வினாக்களே.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களுள் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர். அப்பங்கு அதன்பின் ஏறியே வந்துள்ளது. செல்வம் பெருகிய பின்னர் மூப்படைந்த நாடுகள் உள. நம் நாடோ செல்வம் பெருகுமுன்னே மூப்படைகின்றது. இந்நிலையில் முதியோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பிழை. அவர்கள் மூவகையினர்.

முதல் வகையினர் அரசாங்க ஊழியராக இருந்து இளைப்பாறியோர். 1901 ஆம் ஆண்டு முதல் நிலவிவரும் ஓய்வூதியப் பிரமாணத்தின்கீழ் அவர்கள் உயிருள்ளளவும் மாதந்தோறும் ஊதியம் பெறுவர். என்போன்ற ஆசிரியரும் இவ்வகையினரே. இரண்டாம் வகையினர் தனியார் துறையிலும் தோட்டங்களிலும் கூலி பெற்று உழைத்தோர். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி நூற்றுக்கு எட்டும், தொழில்கொள்வோர் நூற்றுக்குப் பன்னிரண்டும் இடுதல் வேண்டும். ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் பெண்கள் ஐம்பது வயதிலும் அப்பணத்தை ஒரே தொகையாகப் பெறலாம். மூன்றாம் வகையினர்க்குத் தொழில்கொள்வோரும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. உழவர், கடற்றொழிலாளர், சிறுவணிகர், கருவாடு போடும் பெண்கள், பனையோலை இழைப்போர் ஆகிய இவர்களே நாட்டில் மிகப் பலர்.

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பாடு என்னுஞ் சொல் நம் கடற்கரைகளில் கரைவலை வளைக்கும் இடத்தைக் குறிக்கும். உழைப்பையும் துன்பத்தையும் குறிப்பதும் அதுவே. கரைவலையிலாயினும் வள்ளத்திலாயினும் உழைப்போர்க்குக் கிடைப்பது சம்பளமன்று, பங்கு. வலையும் வள்ளமும் உடைய சம்மாட்டியார்க்கு ஒரு கூறு, செலவுக்கு ஒரு கூறு, தொழிலாளர்க்கு ஒரு கூறு என மீன் விற்ற பணம் பிரியும். மீன் படாத நாளிற் பங்கும் இல்லை. கைகள் வலுவிழந்து கரைசேர்ந்தவர்க்கோ, மீன் பட்ட நாளிலும் பங்கு இல்லை. இத்தகையார்க்குச் சேமலாப நிதி எங்ஙனம் எட்டும்?

இக்குறையை அரசு உணராமல் இல்லை. உழவர்க்கென 1987 இல் ஓர் ஓய்வூதியச் சட்டமும், கடற்றொழிலாளர்க்கென 1990 இல் 23 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. இளமையிற் சிறுசிறு தொகையாகப் பணம் கட்டிவரின், அறுபது வயதிலிருந்து மாதந்தோறும் ஓய்வூதியம் பெறலாம் என்பது அவற்றின் சாரம். நோக்கம் நன்று, கட்டுமானத்திலோ இரு குறைகள் உள.

ஒன்று, சேரும்போது குறித்த தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. தொகை தாளில் மாறாது நிற்க, அதனால் வாங்கத்தக்க அரிசி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்லும். கட்டப்பட்ட பணம் வழங்கவேண்டிய பணத்துக்கு ஈடுகொடாமையால், உழவர் ஓய்வூதியம் 2012 ஆம் ஆண்டளவில் தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கப்பெற்றதையும் நாடு கண்டது.

மற்றொன்று, வடபுலத்துக்கே உரிய குறை. சட்டம் பிறந்தது 1990 இல். அவ்வாண்டு ஆனித் திங்களில் வடக்கில் மீண்டும் போர் மூண்டது. மன்னார் மக்கள் பலர் மடுவுக்கும், கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் ஓடினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் மக்கள் தீவினின்றும் வெளியேற்றப்பட்டனர். 2009 ஆம் ஆண்டு வைகாசியில் போர் முடியும்வரை, கடலுக்குச் செல்வதே பல காலம் தடையாகவும் அச்சமாகவும் இருந்தது. தொழில் செய்ய இயலாதவன் பணம் கட்டுவது எவ்வாறு? 1990 இல் முப்பது வயதினனாய் இருந்த கடற்றொழிலாளி இன்று அறுபதைக் கடந்துவிட்டான். அவன் கட்டத் தவறினான் என்று ஏடு கூறும். கட்டுதற்கு அவனுக்கு வழியில்லை என்பதை வரலாறு கூறும். ஏடுகளைத் திருத்தாமல் இத்திட்டத்தை எல்லார்க்கும் பொதுவானது என்று புகழ்வதிற் பயனில்லை.

நிற்க, சேமித்தோர் நிலையேனும் நன்றோ எனின், அதுவும் அன்று. 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய்க்கு வாங்கியதை 170 ரூபாய் கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அளித்த வட்டியோ 9 வீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. திறைசேரி முறிகளைப் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளும் ஓய்வுகால நிதியங்களுக்கு 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி எனவும், மாற்ற மறுப்பவற்றின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீதம் வரி எனவும் விதிக்கப்பட்டது. வங்கிகள் வைத்திருந்த முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் சரியின் வைப்பாளர் அனைவரும் கெடுவர் என்றும், அவை முன்னரே மிகுந்த வரி செலுத்துகின்றன என்றும் அரசு காரணம் கூறியது. அதனை முற்றாகத் தள்ளுதல் இயலாது. ஆயினும் சுமை பகிரும் வேளையில் தையற்சாலைப் பெண்ணின் சேமிப்பும் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் முன்னிறுத்தப்பட்டன என்பது மறைக்கவொண்ணாத உண்மை. அந்நிதியை ஆளுவது மத்திய வங்கி. பணத்துக்கு உரிய தொழிலாளர் அதன் முடிவுகளிற் பங்குகொள்ளும் முறை ஒழுங்காக அமையவில்லை.

அரசின் தொழில் பொருளை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல், பகிர்தல் என நான்கு வகைப்படும் என்பது வள்ளுவர் கருத்து. நம் விவாதங்கள் முதல் இரண்டிலேயே பெரிதும் தங்கிவிடுகின்றன. சேமலாப நிதியின் கதை காத்தலிற் பிழை. இனி வருவது பகிர்தலிற் பிழை.

எழுபது வயதைக் கடந்த வறிய முதியோர்க்கு 2012 முதல் ஒரு கொடுப்பனவு வழங்கப்பட்டு வருகின்றது. நெடுங்காலம் 2000 ரூபாயாக இருந்த அத்தொகை பின்னர் 3000 ஆயிற்று. 2025 பெப்ருவரியில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 5000 ஆக்க முன்மொழிந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயின் அது சட்டத்தால் வந்த உரிமையன்று. அவ்வப்போது அரசு காட்டும் கருணை. அன்றியும், அது குறைந்த வருமானமுடையோர்க்கே உரியது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் வறுமையை ஆறு துறைகளில் இருபத்திரண்டு குறிகளால் அளக்கின்றது. அவ்வளவுகோல் குடும்பத்தை அளக்குமேயன்றிக் குடும்பத்துள் இருக்கும் முதியவரை அளக்காது. மகன் வீட்டில் இயந்திரப் படகும் கல்வீடும் இருக்கலாம்; அவ்வீட்டு மூலையில் இருக்கும் தாயின் கையில் ஒரு பேருந்துக் கட்டணமும் இல்லாதிருக்கலாம்.

பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோர 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் வழிவகுத்துள்ளதே எனின், உண்மை. ஆனால் எந்தத் தாய் தன் மகன்மீது முறையிட்டுச் சபை ஏறுவாள்? பசித்திருந்தாலும் பிள்ளையைக் காட்டிக்கொடாத தாய்மாரின் நாட்டில், அச்சட்டம் கடைசிப் புகலிடமாகலாம். கொள்கையின் தூணாக மாட்டாது.

இத்தகைய விவாதங்கள் செல்வம் மிக்க அமெரிக்காவிலும் ஓய்ந்தபாடில்லை. 1935 இல் உரூசுவெல்ற் காலத்தில் முதியோர் ஓய்வூதியச் சட்டமும், 1965 இல் சான்சன் காலத்தில் அறுபத்தைந்து வயதினர்க்கான மருத்துவக் காப்புறுதியும் அங்கு எழுந்தன. அந்நிதிகளின் கையிருப்பு 2030களில் தீர்ந்துவிடும் என்னும் கணிப்பே இன்று அங்கு பெரும் பூசலுக்குக் காரணம். அங்கிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. விலைவாசி ஏறும் அளவுக்கு ஓய்வூதியமும் தானே ஏறவேண்டும் என 1972 இல் அவர்கள் சட்டம் செய்தனர். நம்மிடமிருந்து உலகம் கற்றதும் ஒன்றுண்டு. பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில், இலங்கை 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, வணிகப்பெயரைப் பாராது மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது. அமெரிக்க அரசு தன் முதியோர் காப்புறுதிக்காக மருந்து நிறுவனங்களோடு விலை பேசும் அதிகாரத்தைப் பெற்றது 2022 இலேயே.

அத்தகைய மரபுடைய நாட்டில், அதே 2022 இல் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தன. நம் நாட்டில் அரசாங்க மருத்துவம் கட்டணமற்றது. ஆயின் நீரிழிவும் குருதியமுக்கமும் உடைய முதியவர்க்கு மருந்து ஒருநாட் செலவன்று, வாழ்நாட் செலவு. கிளினிக்கில் இல்லாத மாத்திரையை வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுத்தால், மருத்துவம் இலவசம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. கொடுப்பனவு 5000 ஆனாலும், அது மருந்துக் கடையிற் கரையுமாயின் உணவுக்கு எஞ்சுவது யாது? ஆகவே முதியோர் பணமும் முதியோர் மருந்தும் இரண்டு கொள்கைகள் அல்ல, ஒன்றே.

யாம் வேண்டுவது யாதெனின், எழுபது வயதைக் கடந்து வேறு ஓய்வூதியம் பெறாத ஒவ்வொருவர்க்கும், குடும்பநிலை வினவாது, விலைவாசியோடு ஏறும் ஒரு கொடுப்பனவு சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். போர்க்காலத்திற் கட்ட இயலாத ஆண்டுகளைக் கட்டியனவாகக் கொண்டு, கடற்றொழிலாளர் ஓய்வூதிய ஏடுகள் திருத்தப்படல் வேண்டும். சேமலாப நிதியின் ஆட்சியில் தொழிலாளரின் குரலுக்கு இடம் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்போர் உளர். சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கையை 2023 முதல் தோளிற் சுமக்கும் அரசுக்கு அது நேர்மையான கேள்வியே. எல்லார்க்கும் ஒரே நாளிற் கொடுத்தல் இயலாதெனின், எண்பது வயதினரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வயதைக் குறைக்கலாம். இலங்கையினும் வறிய நேபாளம் 1995 ஆம் ஆண்டளவில் எழுபத்தைந்து வயதினரிலிருந்து தொடங்கியது அவ்வாறே. செல்வரும் பெற்றுவிடுவரே என்பார்க்கு மறுமொழி எளிது. ஓய்வூதியம் பெறுவோரின் பெயர்கள் அரசின் ஏட்டிலேயே உள. பெருவருமானம் உடையோரை வரித் திணைக்களம் அறியும். அவர்களை விலக்குதல் எளிது. இருபத்திரண்டு குறிகளைக் கையிலேந்தி வறியவரை வீடுவீடாகத் தேடுதலே அரிது. தேடும்போது விடுபடுவோர், பெரும்பாலும் முறையிடவும் வலிமையற்ற முதியோரே.

நாற்பது ஆண்டு கடலில் உழைத்து நம் உணவுக்கு மீன் தந்தவர்க்கு இதனைக் கொடுப்பது ஈகையன்று. ஈகை கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. இது பட்டுவிட்ட பாட்டுக்கு உரிய பங்கு. கரையில் பங்கு பிரிக்கும்போது, வலை இழுத்தவன் ஒருவனை விட்டுவிட்டால் அதனை மறதி என்று எவரும் சொல்லார்.