துருக்கி ஆப்பிளும் ஊர்விலக்கும்

2025 மே மாதம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் காலம். வேலைக்கு நடுவே வரப்போரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி கைப்பேசியில் வீடியோ காட்டினான். துருக்கி ஆப்பிளை வாங்காதே, துருக்கிக்குச் சுற்றுலா போகாதே என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளூரு ஆப்பிளயே காய்ச்ச வந்தாத்தாம்பா வாங்குறோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டே ஆண்டுகளுக்கு முன் துருக்கி நமக்கு நண்பன். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின்போது இந்தியா மீட்புக் குழுக்களையும் ராணுவ மருத்துவமனையையும் அனுப்பியது. அந்தப் பணிக்குப் பெயரே 'ஆபரேஷன் தோஸ்த்'. இந்தியிலும் துருக்கி மொழியிலும் தோஸ்த் என்றால் நண்பன்தான். பஹல்காம் படுகொலையை அடுத்து வந்த மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. பாகிஸ்தான் ஏவியவை துருக்கி ட்ரோன்கள் என்று நம் ராணுவம் சொன்னது. கோபம் வந்ததில் வியப்பில்லை. எர்டோகனுக்காக வாதாடவும் நான் வரவில்லை. குர்து மக்களை ஒடுக்கும் அரசு அவருடையது. இஸ்தான்புல்லில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கஷோகியின் வழக்கை 2022 ஏப்ரலில் சவுதியிடமே ஒப்படைத்துவிட்டு, அதே மாதம் சவுதி இளவரசரைக் கட்டித் தழுவியவர் அவர். அரசுகளின் நட்பும் பகையும் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

அடி யார்மீது விழுகிறது? மே 15 அன்று துருக்கியின் செலபி நிறுவனத்துக்கான பாதுகாப்பு அனுமதி ரத்தானது. சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேறு முதலாளியை எதிர்பார்த்து நின்றார்கள். அதே மாதக் கடைசியில், துருக்கி ஏர்லைன்ஸிடம் இண்டிகோ குத்தகைக்கு எடுத்த விமானங்களுக்கு மூன்று மாத நீட்டிப்பு கிடைத்தது. தேசபக்தியிலும் பெரிய முதலாளிக்கு அவகாசம் உண்டு.

புறக்கணிப்பே கூடாது என்று சொல்லவில்லை. எளியவர்கள் வலியவர்களுக்கு எதிராக எடுக்கும்போது அது போராட்டம். ஆனால் துருக்கியில் தொடங்கும் இந்தக் கூச்சல், நம் தெருவில் பழவண்டி தள்ளும் பாயிடம் வந்து நிற்க எத்தனை நாளாகும்?

நம் மக்களுக்கு இந்த ஆயுதம் பழக்கமானது. கடையில் பொருள் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பாதையில் நடக்க விடமாட்டோம் என்று ஊர் கூடி முடிவெடுக்கும். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் முதல் வட்டமேசை மாநாட்டில் சேர்ந்து கொடுத்த திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கச் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது வெளிப்படையாக இடம்பெற 2015 திருத்தம் வரவேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் இதே மரக்காணத்தில் கட்டையன் தெரு குடிசைகள் எரிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து!

தம்பி வீடியோவை இன்னொரு முறை ஓட்டினான். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நம்ம தெருவ ஒதுக்கி வச்சப்ப எவன்பா வீடியோ போட்டான்?"

தம்பி கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டான்.