‘நாங்களே தேடிக்கொள்வோம்’

தேடுவதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. கூகுள் இருக்கிறது, மருத்துவக் கட்டுரைகளைத் தேட பப்மெட் தரவுத்தளம் இருக்கிறது, கேட்டதும் பதில் எழுதித் தரும் ஏஐ வேறு வந்துவிட்டது. பிறகு கல்லூரி நூலகர் எதற்கு? பேராசிரியர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். ஆராய்ச்சி மாணவர் நூலகத்துக்குப் போவதே பெரும்பாலும் பிளேஜியரிசம் ரிப்போர்ட் வாங்கத்தான். இந்த எண்ணம் தவறு. மருத்துவத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா தொடர்பாக ஓர் ஆய்வு நடந்தது. அங்கே வேலை பார்த்த 24 வயதுப் பெண் ஒருவர், எந்த நோயும் இல்லாதவர், தாமாக முன்வந்து ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் சீர்கெட்டு ஜூன் 2 அன்று இறந்துபோனார். அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்று 1950-களிலேயே மருத்துவ இதழ்கள் எழுதியிருந்தன. ஆய்வாளர் தேடாமல் இல்லை. பப்மெட்டில் தேடினார், பாடநூலையும் புரட்டினார். ஆனால் அன்றைய பப்மெட் 1966 முதல் வந்தவற்றைத்தான் காட்டும். அதற்கு முந்தையவை அச்சிட்ட அட்டவணைத் தொகுதிகளாக நூலக அலமாரிகளில் இருந்தன. ஒரு தரவுத்தளம் எந்த ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு முந்தையதை எங்கே பார்ப்பது என்பதெல்லாம் நூலகருக்கு அன்றாட வேலை. அந்த மரணத்துக்குப் பிறகு ஜூலையில் அமெரிக்க அரசு, தன் நிதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவைத்தது.

அது ஒரே ஓர் ஆய்வு. சிஸ்டமேடிக் ரிவ்யூவில் தேடல் பிழைத்தால் பாதிப்பு இன்னும் பரவலாகும். சிஸ்டமேடிக் ரிவ்யூ என்பது ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகள் அத்தனையையும் திரட்டி, சலித்து, கூட்டிப் பார்த்து விடை சொல்வது. மருத்துவர் எந்த மருந்தைத் தர வேண்டும் என்ற வழிகாட்டுதல்கள் அதன்மேல்தான் எழுதப்படுகின்றன. அதன் கணக்கில் பிழை இருந்தால் இன்னொருவர் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். தேடலில் விட்டுப்போன ஆய்வு கண்ணுக்கே தெரியாது. கட்டுரை முழுமையாகத்தான் தோன்றும்.

‘என் துறையை என்னைவிட நூலகர் அறிவாரா?’ என்பார்கள். அறியமாட்டார். ஆனால் துறை வல்லுநர் தாம் பழகிய சொற்களில் தேடுகிறார். அடுத்த நாட்டுக்காரர், முந்தைய தலைமுறைக்காரர் எந்தச் சொல்லில் எழுதினார் என்பது வேறு விஷயம். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை நல்லதா, ஊசி நல்லதா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அனீமியா என்பதை பிரிட்டிஷ் இதழ்கள் ஓர் எழுத்து கூட்டி எழுதும், அமெரிக்க இதழ்கள் குறைத்து எழுதும். சிலர் நோயின் பெயரையே சொல்லாமல் ஹீமோகுளோபின் அளவை மட்டும் சொல்லியிருப்பார்கள். கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் ஆங்கிலத்தில் அரை டஜன் சொற்கள். இவற்றையெல்லாம் ‘அல்லது’ போட்டுக் கோக்க வேண்டும். பப்மெட்டில் மெஷ் என்ற பொருள் தலைப்புப் பட்டியல் உண்டு. எல்லாக் கட்டுரைக்கும் அந்தத் தலைப்பு ஏறியிருக்காது என்பதால் சாதாரணச் சொற்களையும் கூடவே போட வேண்டும். எம்பேஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு வேறு பட்டியல், வேறு இலக்கணம். அடைப்புக்குறி ஒன்று இடம் மாறினால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கழன்றுவிடும். ஆகவேதான் ஒரு நூலகர் எழுதிய தேடலை இன்னொரு நூலகர் சரிபார்த்த பிறகே ஓட்டுவது நல்ல வழக்கமாக இருக்கிறது.

கூகுள் ஸ்காலர் எந்தத் தேடலுக்கும் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. ஏஐ இன்று தரும் பட்டியலை நாளையும் தரும் என்ற உறுதியில்லை; சில நேரம் வெளிவராத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் இதழ் பெயரும் சேர்த்து எழுதிக் கொடுக்கும். மறுபடி செய்து பார்க்க முடியாத தேடலை அறிவியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது நூலகர்கள் தங்களுக்காகப் போடும் கூச்சல் அல்ல. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் சிஸ்டமேடிக் ரிவ்யூக்களுக்காக 2011-இல் வெளியிட்ட தர விதிகளிலேயே, பயிற்சி பெற்ற நூலகரோடு சேர்ந்து தேடுங்கள், தேடலை வேறொரு நூலகரிடம் காட்டுங்கள் என்று இருக்கிறது. பொது மருத்துவ ரிவ்யூக்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், நூலகர் கூட்டாசிரியராக இருந்தவற்றில் தேடல் விவரம் மேலும் தரமாக இருந்தது தெரியவந்தது.

நம் நிலைமைதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சிஸ்டமேடிக் ரிவ்யூக்களின் தொகுப்பான காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2007-இலேயே பணம் கட்டி வழிசெய்தது. வேலூர் சிஎம்சியில் காக்ரேன் மையமே இயங்கியிருக்கிறது. நூலகவியலுக்கு உலகம் மதிக்கும் விதிகளைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். அப்படியிருந்தும் ரிவ்யூ எழுத உட்காரும் மருத்துவக் குழு, தேடலை முதுகலை மாணவரிடம் தள்ளிவிட்டு, ஒரு சனி ஞாயிறில் முடித்துக் கொடு என்கிறது. ஒழுங்கான தேடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே நூலகரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அந்த வேலைக்கு அவருக்குப் பயிற்சியும் நேரமும் கல்லூரி தர வேண்டும். கட்டுரை வெளிவரும்போது அவர் பெயர் நன்றியுரையில் ஒதுங்காமல் ஆசிரியர் வரிசையிலேயே இருக்க வேண்டும்.