காரை பெயர்ந்த இடத்தில் ஒரு மயில்

போன வாரம் அரியக்குடிக்குப் போயிருந்தேன். அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள். வளவில் உட்கார்ந்திருந்தோம்.

“அந்தச் சுவத்துல காரை பேந்த எடத்தைப் பாரு, மயில் மாதிரி இல்ல? அறுபது வருஷமா இங்கனதான் உக்காந்திருக்கேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுது” என்றார்.

எனக்கு ஓவியர் மனோகர் தேவதாஸ் நினைவு வந்தது. 1936-ல் மதுரையில் பிறந்தவர். பேட்டரி கம்பெனியில் வேலை; மற்ற நேரமெல்லாம் பேனாவும் மையும்தான். மதுரைத் தெருக்களையும் சென்னையின் பழைய கட்டடங்களையும் நுணுக்கமான கோடுகளில் வரைந்தார். நாம் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோகிற இடங்கள்தான் அவை.

விழித்திரை நோயால் அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. 1972-ல் நடந்த விபத்தில் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மனைவியையும் கவனித்துக்கொண்டார், பேனாவையும் கீழே வைக்கவில்லை. அந்தப் படங்கள் வாழ்த்து அட்டைகளாயின. வந்த பணம் அறப்பணிகளுக்குப் போனது. 2020-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் மறைந்தார்.

பார்வை குறையக் குறைய அவர் கூர்ந்து பார்த்தார். கண் நன்றாக இருக்கிற நமக்கு, சொந்தத் தெருவே செல்போனில் படமாக வந்தால்தான் தெரிகிறது.

கிளம்பும்போது அப்பத்தா சொன்னார்: “பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருவாக. அந்த எடத்தை மட்டும் விட்டுரச் சொல்லணும்.”