ஆய்க்குடி எந்த ராஜ்யம்?

அமெரிக்காவின் தெற்கே டெக்ஸாஸ் என்றொரு ராஜ்யம் இருக்கிறது. அந்த ராஜ்யத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாலாம் வகுப்பில் ஒரு முறையும் ஏழாம் வகுப்பில் மறு முறையும் டெக்ஸாஸின் சரித்திரத்தைப் படித்தே தீரவேண்டும் என்பது ஏற்பாடு. தங்கள் மண்ணில் என்னென்ன ஆறுகள் ஓடுகின்றன, எந்தக் கொடி எப்போது பறந்தது, சட்டசபை எவ்வாறு நடக்கிறது என்பவற்றையெல்லாம் மீசை அரும்புமுன்பே தெரிந்துகொண்டு விடுகிறார்கள். 1836 முதல் 1845 வரையில் டெக்ஸாஸ் தனிக் குடியரசாக இருந்தது என்பதில் அவர்களுக்கு அடங்காத பெருமை.

நமது தென்காசிக்கு வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அவ்வூரின் ராஜ்ய சரித்திரம் டெக்ஸாஸின் சரித்திரத்துக்குச் சுவையில் சிறிதும் குறைந்ததன்று. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் பள்ளிப் புத்தகம் ஒன்றும் நமது கண்ணில் இதுவரை படவில்லை.

ஆய்க்குடி என்றதும் நேயர்களுக்குப் பாலசுப்பிரமணியசுவாமி கோயிலும், அனுமன் நதியின் படித்துறையிலே பாயசத்தை வார்த்துக் குழந்தைகளை உண்ணச் செய்யும் படிப்பாயசப் பிரார்த்தனையும் நினைவுக்கு வரும். புலமை மிக்கவர்களுக்கு ஆய் அண்டிரன் நினைவுக்கு வருவான். பொதியமலைத் தலைவனாகிய அவ்வள்ளலின் ஊர் இதுவே என்பது இவ்வட்டாரத்தார் கொள்கை. அதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஆய் குலத்தார் ஒன்பதாம் நூற்றாண்டில் மலைக்கு மேற்கே விழிஞம் முதலிய கடற்கரைப் பிரதேசங்களை ஆண்டு வந்தார்கள். மலையின் இரு பக்கத்தையும் ஒரே குலத்தின் பெயர் தொட்டிருக்கிறது. இந்த மலை என்றைக்குமே எல்லைக்கோடாக இருந்ததென்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பூகோளமும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. மேற்கு மலைத்தொடர் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவின் அருகில், சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகவே புகுந்து குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வருகிறது. காற்றுக்குத் திறந்த வாசல் மனிதருக்கு மட்டும் மூடியா இருக்கும்? படைகள் போயின, வணிகர் போயினர், 1904-ஆம் ஆண்டில் கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்து ரயிலும் போயிற்று. திருவிதாங்கூர் மண்ணில் ஓடிய முதல் ரயில் அதுதான். பிற்காலத்தில் அகலப் பாதையாக்குவதற்காக 2010-இல் நிறுத்தப்பட்ட மலைப்பாதை 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி மறைந்து, ஆற்காட்டு நவாபின் அதிகாரமும் தள்ளாடிய காலத்தில், இந்த வாசல் வழியாகத் திருவிதாங்கூர் மன்னரின் கை கிழக்கே நீண்டது. செங்கோட்டைத் தாலுகா அவ்விதம் அமைந்தது. ஆய்க்குடி அத்தாலுகாவின் பகுதிகளில் ஒன்று. 'பகுதி' என்பது அந்தச் சமஸ்தானத்தில் கிராமத்துக்குச் சர்க்கார் வைத்திருந்த பெயர். அதன் அதிகாரிக்குப் பார்வத்தியக்காரர் என்று பெயர். தென்காசியில் கிராம முன்சீபும் கர்ணமும், ஆய்க்குடியில் பார்வத்தியக்காரர். தென்காசிக்காரர் ராஜாங்க காரியமாகத் திருநெல்வேலிக்குப் போவார்; ஆய்க்குடிக்காரர் மலையேறித் திருவனந்தபுரம் போகவேண்டும். பேசிய பாஷை தமிழ். கொண்டும் கொடுத்தும் உறவாடியது கிழக்கேயுள்ள ஊர்களோடு. மனு எழுதியது மட்டும் மேற்கே!

நாணயமும் வேறு. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, சமஸ்தான ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம்! அந்த அரைச் சக்கரத்தை நினைத்தால், எல்லையோரத்துக் கடைக்காரர்கள் கணக்கில் புலிகளாயிருந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. தபாலும் அப்படியே. சமஸ்தானத்துக்கென்று 'அஞ்சல்' என்னும் தனித் தபால் இலாகா இருந்து, 1951-இல் இந்தியத் தபாலோடு கலந்தது. இன்று தமிழ்நாடெங்கும் தபாலுக்கு அஞ்சல் என்று எழுதுகிறோம். ஆய்க்குடியின் பாட்டன்மார் அச்சொல்லை முன்னமே அறிந்தவர்கள்.

இவையெல்லாம் வேடிக்கை. ஒரு மனிதன் எந்த ராஜ்யத்தில் பிறந்தான் என்பது அவன் வாழ்வை எவ்வளவு தூரம் தொடும் என்பதற்கு 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதியைப் பார்க்கவேண்டும். அன்று மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள், தமது சர்க்காரின் பொறுப்பிலுள்ள கோயில்களில் பிறப்பினாலோ மதத்தினாலோ இந்துவான எவரையும் தடுக்கலாகாது என்று பிரகடனம் செய்தார். அது தானாகக் கனிந்த கனியன்று. கோயிலைச் சுற்றிய வீதியில் நடக்கும் உரிமைக்காக 1924-25-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அதற்காகத் திருவிதாங்கூர்ச் சிறையில் இருந்தார். அத்தகைய கிளர்ச்சிகளுக்குப் பிறகே கதவு திறந்தது. ஆய்க்குடியின் எல்லைக்குள்ளும் அந்தப் பிரகடனமே சட்டம். ஒரு நாழிகை நடையில் இருந்த சென்னை மாகாணத்திலோ, ஆலயப் பிரவேசத்துக்கு ஆதரவான சட்டம் 1939-இல்தான் வந்தது. அதுவும் தர்மகர்த்தாக்கள் இசைந்தால் திறக்கலாம் என்கிற மட்டில். முழு உரிமை 1947-இல் கிடைத்தது. பிரகடனத்தின் மறுநாளே ஊரார் மனமெல்லாம் மாறிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரே சாதியில் பிறந்த இரு உறவினரில், வரப்புக்கு இப்பால் உள்ளவனுக்குச் சட்டத்தில் உரிமை உண்டு, அப்பால் உள்ளவனுக்கு இல்லை என்ற நிலை இருந்ததல்லவா? கோடு கிழித்தவர்கள் அவ்விருவரில் ஒருவரையும் கேட்டுக் கிழிக்கவில்லை.

இந்தச் சமஸ்தானம் முற்போக்கானதென்று புகழப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. 1888-இலேயே இங்கே சட்ட நிர்மாண சபை ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதல். 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. 1911-இல் அதில் அய்யன்காளி நியமனம் பெற்றார். ஆயினும் சபைகள் பேசின, திவான் ஆண்டார் என்பதே நடைமுறை. வாஞ்சிநாதன் இதே செங்கோட்டைத் தாலுகாவில் பிறந்தவர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர் என்பதை நினைவுகொள்ள வேண்டும். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் அவர் சுட்டது திருநெல்வேலிக் கலெக்டரை. சமஸ்தானப் பிரஜையாயிருந்தும் அவர் மனத்தில் இருந்த தேசம் ஒன்றே.

திவான் ஸர் ஸி. பி. ராமஸ்வாமி அய்யர் 1946-இல் ஒரு புதிய அரசியல் திட்டம் வெளியிட்டார். வயது வந்தோர் வாக்களித்துச் சபையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் திவானை அச்சபை அசைக்க முடியாது. அதற்கு 'அமெரிக்க மாதிரி' என்று பெயர்! அமெரிக்க ஜனாதிபதியை ஜனங்கள் நாலாண்டுக்கொரு முறை மாற்றுகிறார்கள் என்ற சிறு விஷயம் அந்த மாதிரியில் விட்டுப்போய்விட்டது. 'அமெரிக்க மாதிரி அரபிக் கடலிலே' என்று ஜனங்கள் முழங்கினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் குருதி பெருகியது. 1947 ஜூனில், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்றார் திவான். ஜூலை 25-இல் அவர்மீது வெட்டு விழுந்தது. சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய இசைந்தது. அந்த எண்ணம் பலித்திருந்தால், ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குப் போக நம்மவர் அன்னிய நாட்டுக்கு அல்லவா போகவேண்டியிருக்கும்!

1949 ஜூலை முதல் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கவேண்டுமென்று நேசமணி முதலியோரின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். பிறகு ராஜ்ய சீரமைப்புக் குழு வந்தது, 1955-இல் அறிக்கை வந்தது, 1956 நவம்பர் முதல் தேதி எல்லை மாறிற்று. தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி ஜில்லாவாயின; ஆய்க்குடி உள்ளிட்ட செங்கோட்டைப் பிரதேசம் திருநெல்வேலியோடு சேர்ந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாகவே, ஆய்க்குடிக்காரர் இடம்விட்டு நகராமலே இன்னொரு தலைநகரைப் பெற்றார். இம்முறை அது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

பழைய ராஜ்யத்தின் சுவடு முற்றும் அழிந்துவிடவில்லை. இந்திய அரசியலமைப்பின் 290-ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பிரதேசங்களின் இந்துக் கோயில்களைப் பராமரிக்க, தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வ நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ரூபாயின் மதிப்பு எவ்வளவோ கீழே போய்விட்டது. தொகை அன்று எழுதியபடியே இருக்கிறது.