யாருடைய வெப்பநிலை?

எரியும் குழல் விளக்கின் அருகே கையைக் கொண்டுபோனால் இளஞ்சூடுதான் தெரியும். ஆனால் அதனுள் ஓடும் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை ஏறத்தாழ 11,000 கெல்வின்! சூரியனின் மேற்பரப்பே 5,800 கெல்வின்தான். அப்படியானால் கண்ணாடி ஏன் உருகவில்லை?

குழலுக்குள் இருப்பது பிளாஸ்மா. அதாவது எலெக்ட்ரான்கள், அயனிகள், அணுக்கள் கலந்த வாயு. மின்புலத்தால் வேகம் பெறுபவை முக்கியமாக எலெக்ட்ரான்களே. பாதரச அணுவோ எலெக்ட்ரானைவிடச் சுமார் 3,65,000 மடங்கு கனமானது. பாறையில் பட்ட கோலிக்குண்டு போல எலெக்ட்ரான் துள்ளித் திரும்புகிறது, அணு அசைந்துகொடுப்பதில்லை. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஆகவே ஒரே குழலுக்குள் இரண்டு வெப்பநிலைகள்!

இதை எப்படி அளப்பது? வெப்பமானியை உள்ளே விட முடியாது. கிளர்வுற்ற அணுக்கள் வெளியிடும் நிறமாலைக் கோடுகளில் இரண்டின் பொலிவை ஒப்பிட்டு, போல்ட்ஸ்மன் சூத்திரத்தால் வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எலெக்ட்ரான் மோதல்கள் அடிக்கடி நிகழ்ந்து, கிளர்வு நிலைகள் சமநிலை அடைந்திருக்க வேண்டும். எலெக்ட்ரான்கள் குறைவாக இருந்தால், அடுத்த மோதலுக்கு முன்பே அணு ஒளியை உமிழ்ந்துவிடும். அப்போதும் சூத்திரம் ஓர் எண்ணைத் தரும். அது எலெக்ட்ரான்களின் வெப்பநிலை அன்று!

இத்தகைய ஐயங்கள் வரலாற்றையே மாற்றியிருக்கின்றன. 1958 ஜனவரியில், பிரிட்டனின் 'ஜீட்டா' கருவியில் 50 லட்சம் டிகிரியை எட்டியதாக அறிவித்தார்கள். அணுக்கரு இணைவு கைகூடிவிட்டது என்று உலகமே வியந்தது. சில மாதங்களில் அந்த முடிவைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனவே சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டி-3 டோக்கமாக்கில் சுமார் ஒரு கோடி டிகிரி கண்டதாகச் சொன்னபோது பலர் நம்பவில்லை. மிகுவேக எலெக்ட்ரான்கள் சில சேர்ந்து கணக்கைக் கெடுத்திருக்கலாமே!

சண்டை போடவில்லை, அளந்து பார்த்தார்கள். 1969இல் பிரிட்டிஷ் குழு ஒன்று லேசர் கருவியுடன் மாஸ்கோ சென்றது. எலெக்ட்ரான்களால் சிதறடிக்கப்பட்ட லேசர் ஒளியின் அலைநீளம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து, அவற்றின் வேகத்தை நேரடியாக அறிந்தது. சோவியத் கூற்று உண்மையே! அதன்பின் பல நாடுகள் டோக்கமாக் வழிக்குத் திரும்பின.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் மாணவர்கள் கணக்கிட்டு ஓர் எண்ணைக் கொண்டுவருவார்கள். "இது எதன் வெப்பநிலை?" என்று கேட்டால் விழிப்பார்கள். குறை அவர்களுடையது மட்டுமன்று. எண் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிடும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு. சூத்திரத்தோடு அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இனி எங்கேனும் 'பல கோடி டிகிரி' என்று படித்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: யாருடைய வெப்பநிலை? எப்படி அளந்தார்கள்?