துப்பாக்கி உரிம விண்ணப்பம் ஒரு புகார் மனுவும்கூட

2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் கட்டப்பட்டுவந்த தன் வீட்டின் முன்னால் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் கே.ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். கொல்ல வந்தவர்கள் அரிவாளோடு வந்தார்கள். கொல்லப்பட்டவரோ உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிக்குச் சொந்தக்காரர். மக்களவைத் தேர்தலையொட்டி அதைப் போலீஸிடம் ஒப்படைத்ததால்தான் அவர் பாதுகாப்பின்றி நின்றாரா என்ற கேள்வி உடனே எழுந்தது. தேர்தல் முடிந்து ஜூன் மாதமே அவர் துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அப்போதைய சென்னை மாநகரக் காவல் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர் விளக்கமளித்தார். துப்பாக்கி திரும்பி வந்திருந்தது. உயிரைக் காக்கத்தான் அதனால் முடியவில்லை.

இப்படி ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கொஞ்சம் வசதி உள்ளவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். விசைப்படகு உரிமையாளர், கன்டெய்னர் லாரி வைத்திருப்பவர், பழைய இரும்பு வியாபாரி, மனை வணிகர் ஆகியோர் ஏற்கெனவே யாரோ ஒருவரின் மிரட்டலைக் கேட்டவர்கள். ‘ஒரு லைசென்ஸ் போட்டு வைத்தால் என்ன?’ என்று அவர்கள் கேட்பதில் வீம்பு ஒன்றும் இல்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து கைத்துப்பாக்கியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் தரும் தேர்வு

அமெரிக்காவில் முதல் துப்பாக்கி வாங்குபவர் எந்த ரகம், எந்த அளவு என்று கடையில் நின்று யோசிக்கலாம். இங்கே அந்தத் தேர்வின் பெரும்பகுதியைச் சட்டமே முடித்துவைத்துவிடுகிறது. ஆயுதச் சட்டம் 1959இன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமத்துக்கு நகரத்தில் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையத்தின் விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு.

பாதுகாப்புக்காகக் கேட்பவருக்குச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சற்றுத் தாராளமாகக் கதவு திறப்பது 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட நீளத் துப்பாக்கிக்குத்தான். ரிவால்வரோ பிஸ்டலோ வேண்டுமென்றால் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற ரகங்கள் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. மிஞ்சுவது பெரும்பாலும் .32, .22 ரகங்கள். கான்பூர் அரசு ஆலை 2014இல் பெண்களின் தற்காப்புக்கென்று சொல்லி அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ .32 ரிவால்வரின் எடை அரை கிலோ, அப்போதைய விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். எண்ணூர் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்யும் பெண் எத்தனை மாதம் உழைத்தால் இந்தப் பணம் சேரும்?

துப்பாக்கி கைக்கு வந்த பிறகும் அது எப்போதும் வீட்டில் இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு. அதற்குள் மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று எத்தனை தேர்தல்கள் வருகின்றன! 2024இல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்தது, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4இல் நடந்தது. அரசியல் பகை சூடேறும் அந்த வாரங்களில் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்.

தலையணைக்கு அடியிலா, பெட்டிக்குள்ளா?

வீட்டுத் துப்பாக்கியின் அடிப்படைச் சிக்கல் அதை வைக்கும் இடம். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க என்ன ஏற்பாடு என்று விண்ணப்பதாரரிடம் சட்டம் கேட்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பயிற்சிச் சான்றையும் கேட்கின்றன. இரண்டும் நியாயமானவை. ஆனால், இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தவருக்கு, கதவு உடைபடும் சத்தம் கேட்ட பிறகு கிடைப்பது சில விநாடிகள்தான். தூக்கக் கலக்கத்தில், இருட்டில் சாவியைத் தேடி, பெட்டியைத் திறந்து, தோட்டா போட்டு, எதிரே நிற்பவர் திருடனா அல்லது இரவு ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்த மகனா என்று அவர் பார்த்தறிய வேண்டும். இந்த விநாடிகளை மிச்சப்படுத்தத் தலையணைக்கு அடியில் வைத்தால், வீட்டிலுள்ள குழந்தையின் கைக்கும் அது எட்டிவிடும். விரைவாக எடுக்கவும் வேண்டும், வேறு யார் கைக்கும் எட்டவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிப்பது அறைகள் பல உள்ள பங்களாவிலேயே கடினம்.

வடசென்னை வீடு எப்படிப்பட்டது? காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இங்கே குறி தப்பிய குண்டு மெல்லிய கதவைத் துளைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்விடலாம். சுடுபவருக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லை. சுடப்படுபவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்தார் நிற்பார்கள்.

வீட்டுக்குள் துப்பாக்கி வெடித்த சம்பவங்களில் சுட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டில் சுட்டவர், பேச வந்த சக நடிகர் எம்.ஆர்.ராதா. 2020 நவம்பரில் ராயபுரத்துக்குப் பக்கத்திலுள்ள சவுக்கார்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குடும்பத் தகராறில் தொடர்புடைய உறவினர்களைத்தான் போலீஸ் கைதுசெய்தது. நாமே கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்லும் மனிதரிடம் யாரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை.

தனக்குத்தானே நேரும் ஆபத்து இன்னும் பெரிது. கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் முடிவு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. முதல் துப்பாக்கி வாங்கியவுடன் வரும் நாள்களில்தான் அபாயம் உச்சத்தில் இருந்தது. கடன், குடி, வேலையிழப்பு எல்லாம் அடுத்தடுத்துத் தட்டும் வீடுகளில் இந்த எண்கள் சொல்வதை அலட்சியப்படுத்த முடியாது.

சுட்ட பிறகு

தற்காப்பு உரிமையை நம் சட்டம் மறுக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதை விரிவாகவே சொல்கின்றன. கொள்ளையடிப்பவனையும், இரவில் வீட்டை உடைத்து நுழைபவனையும் தடுக்கும்போது அவன் இறக்க நேர்ந்தாலும் அது குற்றமாகாத சூழ்நிலைகள் உண்டு. ஆனால், இரண்டு வரம்புகள் இருக்கின்றன. தடுப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டவருக்கு இந்தப் பிரிவுகள் துணைக்கு வாரா. நள்ளிரவில் ஒரு நொடியில் எடுத்த முடிவு, நீதிமன்றத்தில் பல ஆண்டு அலசப்படும்.

உரிமம் தேவைப்படாத ரவுடி

‘ரவுடிக்கு லைசென்ஸ் தேவையில்லை, நல்லவனுக்குத்தான் இத்தனை தடையா?’ என்ற கேள்விக்கு வலு உண்டு. 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், குடிமக்களைக் கண்டு அஞ்சிய அரசு போட்ட சட்டம் என்பதும் உண்மை. ஆனால், அந்தக் கேள்வி இந்த ஊரின் வன்முறை எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே கொலைகாரனின் ஆயுதம் பெரும்பாலும் பட்டாக்கத்தி, அரிவாள், நாட்டு வெடிகுண்டு. அவற்றைவிட வலுவானது அவன் போடும் ‘ஸ்கெட்ச்’. ஆள் எப்போது தனியாக இருப்பார், எந்தத் தெருவில் திரும்புவார் என்று நாள்கணக்கில் நோட்டம் பார்த்து, எண்ணிக்கையில் மிகுந்து வருகிறார்கள். நேரத்தையும் இடத்தையும் அவர்களே முடிவு செய்வதால் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியும் பிந்திவிடுகிறது.

துப்பாக்கி பெருகினால் இந்தக் கணக்கு மாறும் என்பதற்கும் சான்று இல்லை. 2016 இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.7 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 22,500 அளவில். ஐம்பது மடங்குக்கும் மேல் உரிமம் உள்ள உத்தரப் பிரதேசத்தில் மக்கள் நம்மைவிட நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று யாரும் வாதிடுவதில்லை. அங்கே கல்யாண வீடுகளில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் உயிர்களைப் பறித்ததால், அதைத் தனிக் குற்றமாக்கி 2019இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

மனுவைப் புகாராகப் படியுங்கள்

ஆகவே ‘துப்பாக்கி வேண்டாம்’ என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? கூடாது. கணவன் விசைப்படகில் போய்ப் பல நாள் திரும்பாத வீட்டிலும், சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவரின் வீட்டிலும் இரவுப் பயம் நிஜமானது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது காவல் துறை. இரும்புக் கதவும் தெருவிளக்கும் கண்காணிப்புக் கேமராவும் இரவு ரோந்தும் கூப்பிட்டால் எட்டிப்பார்க்கும் அக்கம்பக்கமும் சாதாரணத் திருடனுக்குப் போதும். குறிவைக்கப்பட்ட ஆளுக்கு இவை போதாது.

அங்கேதான் உரிம விண்ணப்பம் முக்கியமாகிறது. உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் எழுதித் தரும் மனுவை உரிமப் பிரிவு ஏற்கும் அல்லது நிராகரிக்கும், கோப்பு மூடப்படும். மிரட்டல் மட்டும் அப்படியே இருக்கும். உண்மையான ஆபத்து என்று அதிகாரி கருதினால், துப்பாக்கியைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. ஆபத்து போதுமானதல்ல என்று நிராகரித்தாலும், மிரட்டியவரை விசாரிக்க வேண்டிய கடமை நீங்குவதில்லை. இரண்டு நிலையிலும் மனுவின் நகல் சட்டம் ஒழுங்குப் பிரிவுக்குச் சென்று, புகாராகப் பதிவாக வேண்டும். மிரட்டியவர் சரித்திரப் பதிவேடு குற்றவாளியாக இருந்தால் நன்னடத்தைப் பிணை கேட்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129ஆவது பிரிவு இருக்கிறது. மனுதாரர் சாட்சி என்றால் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும். எத்தனை மனுக்கள் வந்தன, அவற்றில் சொல்லப்பட்ட மிரட்டல்கள் மீது என்ன நடவடிக்கை என்று ஆண்டுதோறும் வெளியிட்டால், எந்தப் பகுதியில் யாருக்குப் பயந்து மக்கள் வாழ்கிறார்கள் என்ற வரைபடம் காவல் துறைக்கே கிடைக்கும். ஒரு குடிமகன் லட்ச ரூபாய் செலவழித்துத் தன்னைத் தானே காத்துக்கொள்ள முன்வருகிறார் என்றால், அவர் வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தின் மீது நம்பிக்கை இழந்துவிட்டார் என்று பொருள். அந்த நம்பிக்கையை எந்த ஆயுதக் கடையும் விற்பதில்லை. காவல் நிலையம்தான் அதை மீட்டுத் தர வேண்டும்.